கொதிப்பும் அழற்சியும்

மிகுந்த இரத்த அழுத்தத்திற்கு நம் நாட்டுப் பொதுமக்கள் இட்டு வழங்கும் பெயர் இரத்தக் கொதிப்பு என்பதாகும். மேல்நாட்டு வைத்தியம் பயின்றோர் இப்பெயரைக் கேட்டு நகைப்பதுண்டு. இரத்தம் உலைநீரைப் போலக் கொதிப்பதில்லை. அதன் சூடு இந்நோயுற்றானிடத்தும் நோயற்றானிடத்தும் ஒன்றே. குழாயினுள் ஓடும் நீர் குழாயின் சுவரை அமுக்குமாறு போல, நாடியினுள் ஓடும் இரத்தம் நாடிச் சுவரை அமுக்கும் விசையே அளவின் மிக்கு நிற்கின்றது. ஆதலின் அழுத்தம் என்பதே தக்க பெயர் என்பர் அவர். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயினும் அண்மைக்கால ஆராய்ச்சிகளைச் சிறிது கற்ற பின்னர், பாமரர் இட்ட பெயரினுள்ளும் ஓர் உண்மை மறைந்து கிடப்பதை உணர்ந்தேன். இரத்தம் கொதிப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் அதனைத் தாங்கும் குழாய்ச் சுவரிலும், அதனை உந்தும் இருதயத் தசையிலும், நீறு பூத்த நெருப்பொன்று கனன்றுகொண்டிருக்கின்றது. அந்நெருப்பிற்கு வைத்திய நூலார் தமிழில் வழங்கும் பெயர் அழற்சி. அழல் என்னும் சொல் நெருப்பைக் குறிக்கும் என்பது தமிழ் கற்கும் மாணவர் யாவரும் அறிந்ததே.

இக்கட்டுரையின் நோக்கம் வைத்தியம் கற்பிப்பதன்று. யான் வைத்தியனும் அல்லேன். விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியன். கற்றறிந்தார் கூட்டமாகிய நம் கல்லூரியினுள்ளும் இந்நோயைப் பற்றி நிலவிவரும் தவறான கருத்தொன்றை எடுத்துக்காட்டி, அதனைக் களையுமாறு வேண்டுதலே என் கருத்து. அத்தவறு யாதெனின், இரத்த அழுத்தம் என்பது கருவியில் தோன்றும் ஓர் எண் மாத்திரமே என்றும், எண் இறங்கிய அன்றே நோயும் நீங்கிற்று என்றும் கொள்வதாம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டு பணிபுரிந்த உதவியாளர் ஒருவர் இருந்தார். கண் பரிசோதனைக்காகச் சென்றவிடத்தில் அவருடைய இரத்த அழுத்தத்தையும் அளந்தனர். 170-க்கு 100 என்று கண்டு மாத்திரை கொடுத்தனர். மூன்று திங்கள் கழித்து அளந்தபொழுது 130-க்கு 80 ஆக இறங்கியிருந்தது. அவர் மகிழ்ச்சியுடன் என்னிடம் வந்து, “ஐயா, கணக்குச் சரியாய்விட்டது, இனி மாத்திரை எதற்கு?” என்றார். கையில் விடைத்தாட்கட்டு ஒன்றை வைத்திருந்த யான் நிமிர்ந்தும் பாராது தலையசைத்தேன். நான்காண்டு கழிந்தது. ஒருநாள் மேன்மாடத்து ஆய்வுக்கூடத்திற்குத் தவளைத் தொட்டியைத் தூக்கிவந்தவர் பாதிப் படியில் அமர்ந்துவிட்டார், மூச்சு வாங்கியது. இருதயத்தின் இடக் கீழறைச் சுவர் தடித்து விறைத்துவிட்டதென்று வைத்தியர் கூறினர். அவர் இன்றும் இருக்கின்றார். ஆனால் படியேறும் வேலை எதுவும் அவராற் கூடாது. அன்று சிந்தியாது தலையசைத்தேனே என்னும் வருத்தமே இக்கட்டுரைக்கு வித்து.

அழுத்தம் என்பது ஓர் எண் என்னும் கருத்து எங்ஙனம் பிறந்தது என்பதை முதற்கண் நோக்குவோம். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலக் குருவானவர், குதிரையொன்றின் தொடை நாடியில் குழாயைப் பொருத்தி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்து, இரத்தம் எட்டடிக்கு மேல் எழுந்து நிற்பதைக் கண்டார். இதனை அவர் 1733-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உயிருள்ள மனிதனிடத்தில் இம்முறையைக் கையாளுதல் இயலாதன்றோ? இத்தாலி நாட்டு ரிவா-ரொச்சி என்பவர் 1896-இல் கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டையை அமைத்தார். ருஷிய நாட்டுக் கொரொட்காவ் 1905-இல், பட்டையின் கீழே நாடியில் எழும் ஒலியைக் கேட்டு மேலெண்ணையும் கீழெண்ணையும் அறியும் முறையைக் கண்டார். இவ்விருவர் செயலும் மனித குலத்திற்குப் பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் எளிதில் அளக்கக்கூடிய பொருளையே முழுப்பொருளாகக் கருதுதல் மனித இயல்பு. அளவுகோல் வந்த பின்னர், நோய் அளவுகோலுக்குள் அடங்கிவிட்டதென்று நினைத்தோம்.

அமெரிக்க நாட்டு அதிபர் பிராங்க்லின் ரூஸ்வெல்ட் அவர்களின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. 1944-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புரூயென் என்னும் இருதய வைத்தியர் அவரைப் பரிசோதித்தபொழுது, அழுத்தம் 186-க்கு 108 ஆக இருந்தது. அதனினும் பெரிதாக அவரை வருத்திய செய்தி, இருதயம் வீங்கிப் பெருத்திருந்ததும், அது தன் வேலையைச் செய்யவியலாது தளர்ந்திருந்ததுமாம். உப்பைக் குறைத்தல், ஓய்வு, டிஜிட்டாலிஸ் என்பவற்றையன்றி வேறு உதவி அந்நாளில் அரிதாயிருந்தது. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து அவர் இறந்தார். அந்நாளைய வைத்தியர் பலர், முதுமையில் அழுத்தம் மிகுதல் உடலுக்கு இன்றியமையாத ஏற்பாடு என்றே நம்பினர். அவ்வெண்ணத்தால் எத்தனை இருதயங்கள் கேட்பாரின்றிச் சிதைந்தனவோ! அன்று எண்ணைப் பொருட்படுத்தாது பிழைசெய்தோம். இன்று எண்ணொன்றையே பொருட்படுத்திப் பிழைசெய்கின்றோம்.

நிற்க. எண்ணிற்கு அப்பால் இருதயத்தினுள் நிகழ்வது யாது? இதனை அறிய நொதிகளின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். நொதி என்பது என்சைம். தான் மாறாது நின்று பிற பொருள்களில் இரசாயன மாறுதலை விரைவிக்கும் புரதப்பொருள் அது. 1898-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில், டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகத்தைப் பிழிந்த சாற்றை வேறு முயல்களின் இரத்தத்திற் செலுத்தினர். அழுத்தம் ஏறிற்று. அச்சாற்றிலுள்ள பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். அக்கண்டுபிடிப்பு ஏறக்குறைய முப்பதாண்டுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1934-இல் கோல்டுபிளாட் என்பவர் நாய்களின் சிறுநீரக நாடியை இடுக்கியால் நெருக்கி அழுத்தம் ஏறுவதைக் காட்டிய பின்னரே அறிஞர் மீண்டும் அவ்வழி திரும்பினர். ரெனின் என்னும் நொதி, ஈரலினின்று வரும் புரதமொன்றை வெட்டி ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளின் முதல் உருவத்தை ஆக்குகின்றது. அதனை மற்றொரு நொதி மேலும் நறுக்கி, நாடிகளைச் சுருக்கும் வல்லமை வாய்ந்த இரண்டாம் உருவமாக மாற்றுகின்றது. இம்மாற்று நொதியை 1956-இல் ஸ்கெக்ஸ் என்பவரும் உடனுழைத்தோரும் வெளிப்படுத்தினர்.

இம்மாற்று நொதியை அடக்கும் மருந்து வந்த வழி வியப்பிற்குரியது. பிரேசில் நாட்டு ஜராராக்கா என்னும் விரியன் பாம்பின் நஞ்சினை ஆராய்ந்த செர்ஜியோ பெரெய்ரா என்னும் அறிஞர், நஞ்சில் உள்ள ஒரு பொருளைப் பற்றி 1965-இல் எழுதினார். அப்பொருள் மாற்று நொதியை அடக்க வல்லது என்று பின்னர் விளங்கிற்று. அதனை வழிகாட்டியாகக் கொண்டு குஷ்மன், ஒண்டெட்டி என்னும் இருவர் காப்டோபிரில் என்னும் மருந்தை ஆக்கி 1977-இல் அறிவித்தனர். நஞ்சே மருந்தாகும் என்று நம் முன்னோர் கூறுவதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

நெடுங்காலம் இவையெல்லாம் ஓடும் இரத்தத்தில் நிகழ்வன என்றே எண்ணப்பட்டன. பின்னரே, இருதயத்தின் திசுவிலும் நாடிச் சுவரிலும் இவ்வேலை தனியே நிகழ்கின்றதென்பது தெளிவாயிற்று. மாற்று நொதி திசுக்களில் குடியிருக்கின்றது. அதுவேயன்றி, கைமேஸ் என்னும் வேறொரு நொதி மனித இருதயத்தில் ஆஞ்சியோடென்சினை ஆக்குகின்றதென்பதை 1990-இல் கிளீவ்லண்டு நகரத்து ஆராய்ச்சியாளர் காட்டினர். கைமேஸ், அழற்சியின்போது வெளிப்படும் மாஸ்டு அணுக்கள் என்னும் உயிரணுக்களில் நிறைந்திருப்பது. இதிற் பெறப்படுவது யாது? ஊர்ப் பொதுக்கிணற்றை மூடிவிட்டாலும் வீட்டுக் கொல்லையில் தனிக்கிணறு இருத்தல் கூடும். இரத்தத்தை மாத்திரம் சோதித்து இருதயத்தின் நிலையை முற்றும் அறிந்துவிட்டோம் என்றல் பொருந்தாது.

இனி அழற்சியைப் பற்றிக் கூறுவேன். உடலிற் புண்ணுண்டானால் வெள்ளணுக்கள் விரைந்துவந்து பகைக்கிருமியை அழித்துச் சிதைவைத் துப்புரவு செய்கின்றன. இது காவற்படையின் தொழில். ஆனால் மிகுந்த அழுத்தத்தில் புண்ணுமில்லை, கிருமியுமில்லை. ஓயாது இழுபடும் தசையும், இரண்டாம் ஆஞ்சியோடென்சினால் தூண்டப்பெற்ற நாடிச் சுவரும் அபாயக் குறிகளை வெளியிடுகின்றன. படை வருகின்றது, அழிக்கப் பகைவரைக் காணாது, வந்த ஊரிலேயே தங்கிவிடுகின்றது. இன்டர்லூகின் முதலான செய்திப்பொருள்களைச் சொரிந்து அயலிலுள்ள அணுக்களையும் கிளறுகின்றது. 2007-இல் அமெரிக்க நாட்டு எமரி பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை இத்துறையிற் பெயர்பெற்றது. நிணநீர் அணுக்கள் அற்றனவாகப் பிறந்த சுண்டெலிகளுக்கு ஆஞ்சியோடென்சினைச் செலுத்தியபொழுது அழுத்தம் வழக்கம்போல் ஏறவில்லை. டி-அணுக்களை அவற்றிற்கு ஊட்டிய பின்னர் ஏறிற்று. பி-அணுக்களை ஊட்டியபொழுது அங்ஙனம் நிகழவில்லை. எனவே அழற்சி அழுத்தத்தின் விளைவு மாத்திரமன்று. அதற்குக் காரணமும் ஆகின்றது. விதையினின்று மரமும் மரத்தினின்று விதையும் தோன்றுமாறு போல, ஒன்று மற்றொன்றை வளர்க்கின்றது. சுண்டெலியிடத்துக் கண்டது மனிதனிடத்தும் முற்றும் அவ்வாறே என்று துணிதல் கூடாது. ஆயினும் வழி எத்திசையிற் செல்கின்றது என்பது புலனாகின்றது.

இந்நெருப்பின் பயனாக இருதயத்தில் உண்டாகும் மாறுதலை என் மாணவர்க்குத் தலைப்பிரட்டையைக் கொண்டு விளக்குவது என் வழக்கம். தலைப்பிரட்டை தவளையாகும்பொழுது அதன் வால் எங்கே போகின்றது? உதிர்வதில்லை, உள்ளேயே கரைந்துபோகின்றது. வாலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் உறுதியான நாரைக் கரைக்கும் நொதியொன்றை 1962-இல் குரோஸ், லப்பியேர் என்னும் இருவர் தலைப்பிரட்டையின் வாலிற் கண்டறிந்தனர். அக்குடும்பத்து நொதிகள் மனித உடலிலும் இருபதுக்கு மேற்பட்டன உண்டென்று பின்னர்த் தெரிந்தது. துத்தநாக உலோகம் அவற்றின் செயலுக்கு இன்றியமையாதது. ஆதலின் அவை உலோகப் புரதநொதிகள் எனப்படும். அவை பெரும்பாலும் உறங்கும் நிலையில் வெளிவருகின்றன; தேவைப்படும்பொழுது விழித்தெழுகின்றன. அவற்றை அடக்கும் காவற்பொருள்களும் திசுவிலேயே உள்ளன. நாரை நெய்வாரும் பிரிப்பாரும் மேற்பார்ப்பாரும் ஒருங்கிருக்கும் தறிக்கூடம் ஒன்று நம் இருதயத்தினுள் இருக்கின்றதென்று கருதிக்கொள்க.

நலமுற்ற இருதயத்தில் இம்மூவர் வேலையும் சமனாக நடக்கின்றது. தசையணுக்களைப் பிணைத்து நிற்கும் கொலாஜன் வலை சிறிது சிறிதாகப் பழுதுபார்க்கப்படுகின்றது. நிமிடத்திற்கு எழுபது முறையாக நாளொன்றுக்கு ஒரு நூறாயிரம் முறை சுருங்கி விரியும் உறுப்பிற்கு அத்தகைய வலை இன்றியமையாதது. அழுத்தம் மிகுந்து அழற்சி தங்கியவிடத்து இச்சமநிலை குலைகின்றது. நெய்யும் அணுக்களை அழற்சிப் பொருள்கள் தூண்டுகின்றன; கரைக்கும் நொதியும் ஒழுங்கு தவறுகின்றது; மெல்லிய வலை இருந்தவிடத்தில் முரட்டு நார் அடர்ந்து படிகின்றது. தொடக்கத்தில் பெரும்பாலும் நார் பெருகி இருதயம் விறைக்கின்றது. சுருங்கும் வலி குறையாதபோதும் விரிந்து இரத்தத்தை ஏற்கும் இளக்கம் குறைகின்றது. எங்கள் உதவியாளர் பாதிப்படியில் அமர்ந்தது இதனாலேதான். நோய் முதிர்ந்தவழி, கரைக்கும் நொதிகள் கை ஓங்கி, தசைகளைப் பிணைத்த கட்டுத் தளர, இருதயம் அகன்று மெலிதலும் உண்டு. மேலும், நார் அடர்ந்தவிடத்து மின்னலை நேரே செல்லாது தடுமாறுதலால் துடிப்பின் ஒழுங்கும் கெடுகின்றது. இவ்வளவும் நிகழும்பொழுது நோயாளி யாதொரு வலியும் உணரான். ஆதலின், “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்னும் சொல்லை எக்காலும் சான்றாகக் கொள்ளற்க.

அழுத்தத்தின் எண்ணும் திசுவின் நிலையும் வேறு வேறு என்பதற்கு மனிதரிடத்துச் செய்த சோதனையும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், அழுத்தத்தால் இருதயம் தடித்த 35 பேருக்கு ஆறு திங்கள் மருந்து கொடுத்து, முன்னும் பின்னும் இருதயத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தனர். மாற்று நொதியை அடக்கும் லிசினோபிரில் பெற்றோரிடத்து நார் குறைந்தது, விறைப்பும் தணிந்தது. சிறுநீரைப் பெருக்கும் மருந்தைப் பெற்றோரிடத்துத் தசையணு மெலிந்ததாயினும் நார் குறையவில்லை. 2002-இல் வெளிவந்த மற்றொரு பெரிய ஆராய்ச்சியில் 9,193 பேர் சேர்ந்தனர். லொசார்டன், அட்டெனலால் என்னும் இருமருந்தும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவிற் குறைத்தன. ஆயினும் லொசார்டன் பெற்றோரிடத்து இருதயத் தடிப்பு மிகுதியாகக் குறைந்தது. இறப்பு, பக்கவாதம், மாரடைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டபொழுது 13 விழுக்காடு குறைவாயிருந்தது.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்ட மாணவர் ஒருவர், “அங்ஙனமாயின் எண்ணைப் பற்றிய கவலையே வேண்டாவா?” என்று வினவினார். அங்ஙனமன்று. என் கருத்திற்கு மாறாகத் தோன்றும் சான்றையும் மறைத்தல் அறமாகாது. அதே 2002-ஆம் ஆண்டில் 33,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் முடிந்த ஆல்ஹாட் என்னும் ஆராய்ச்சியில், சிறுநீரைப் பெருக்கும் பழைய மலிவான மருந்து, புதியவற்றிற்குச் சிறிதும் தாழ்ந்ததாகக் காணப்படவில்லை. இருதயத் தளர்ச்சியைத் தடுப்பதில் முற்பட்டே நின்றது. இதனால் அழுத்தத்தை இறக்குதலே முதற்கடமை என்பது உறுதியாகின்றது. எண்ணைப் போற்றுதல் தவறன்று. எண் இறங்கியவுடன் எல்லாம் முடிந்ததென்று மருந்தைக் கைவிடுதலே தவறு. எண் மருந்தின் பயனால் இறங்கி நிற்கின்றது. அணைக்கதவை மூடியதால் வெள்ளம் நின்றதைக் கண்டு, இனிக் கதவு எதற்கென்று பெயர்த்தெறிவாருண்டோ? ஆண்டுக்கணக்கில் படிந்த நார் மூன்று திங்களில் கரைந்துபோவதில்லை.

மற்றொரு வினாவும் எழுதல் இயல்பு. நெருப்பே காரணமாயின் நெருப்பை நேரே அவித்துவிடலாகாதா? கரைக்கும் நொதியே குற்றவாளியாயின் அதனைக் கட்டிப்போடலாகாதா? இவ்வாறு அறிஞர் எண்ணாமலில்லை. உலோகப் புரதநொதிகளை அடக்கும் மருந்தொன்றை மாரடைப்புற்றோர்க்குக் கொடுத்துப் பார்த்தனர். இருதயம் உருமாறுவதை அது தடுக்கவில்லையென்று 2006-இல் அறிவித்தனர். 2017-இல் கான்டோஸ் என்னும் ஆராய்ச்சி வெளிவந்தது. முன்னர் மாரடைப்புற்று அழற்சிக் குறியும் மிகுந்திருந்த 10,061 பேர் அதிற் சேர்ந்தனர். இன்டர்லூகின் ஒன்று என்னும் பொருளை அடக்கும் மருந்து மாரடைப்பு முதலியவற்றை ஓரளவு குறைத்தது. அழற்சி வீண் கற்பனையன்று என்று அதனால் நிலைநாட்டப்பட்டது. ஆனால் அம்மருந்து பெற்றோரிடத்துக் கிருமிநோயால் இறந்தோர் மிகுதியாயினர். மொத்த இறப்பு குறையவில்லை. இரத்த அழுத்தமும் இறங்கவில்லையென்று பின்னர்க் கணக்கிட்டனர். காவற்படையைக் கலைத்துவிட்டால் கலகம் அடங்கும், கள்வரும் உட்புகுவர்.

அன்றியும், அழற்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் கடையில் எளிதிற் கிடைக்கும் வலிநிவாரண மாத்திரையை நினைப்பார் உளர். இப்யூபுரோபன், டைக்ளோபினாக் முதலியன அழற்சியைக் குறைப்பனவே. ஆனால் அவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி அழுத்தத்தை ஏற்றுவன. அழுத்த மருந்தின் வலிமையையும் குறைப்பன. மூட்டுவலிக்கென்று நாடோறும் அவற்றை விழுங்குவோர் இதனைத் தம் வைத்தியரிடத்துக் கட்டாயம் கூறல் வேண்டும். அரைகுறைக் கல்வியால் விளையும் கேடு கல்லாமையால் விளையும் கேட்டினும் பெரிதாதல் கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஆகவே, திசுவைப் பற்றிய இப்புதிய அறிவு நமக்குப் புதிய மாத்திரையொன்றைக் கையிற் கொடுத்துவிடவில்லை. பின்னர் அதனாற் பயன் யாது? காலத்தின் அருமையைக் கற்பித்தலே அதன் பயன் என்பேன். அழுத்தம் ஓர் எண் மாத்திரமாயின், இன்று இறக்கினாலென்ன, பத்தாண்டு கழித்து இறக்கினாலென்ன? இரண்டும் ஒன்றே. ஆனால் ஒவ்வோராண்டும் நார்மேல் நார் படிகின்றதாயின், கழிந்த பத்தாண்டை எம்மருந்தும் முற்றும் மீட்டுத் தாராது. முன்னரே அறிதல், விடாது மருந்துண்ணல், உப்பையும் புகையிலையையும் உடற்பருமனையும் குறைத்தல் என்னும் பழைய அறிவுரைகள் இதனாற் புதிய வலிமை பெறுகின்றன. திருவள்ளுவனார் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகின்றார் என்பது நாம் மறக்கத்தக்கதன்று.

இந்நோய் பிறர்க்குரியதென்று எண்ணி நாம் வாளாவிருத்தல் இயலாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்நாட்டில் 15 வயதிற்கு மேற்பட்ட பெண்களில் 21 விழுக்காட்டினரும் ஆண்களில் 24 விழுக்காட்டினரும் மிகுந்த அழுத்தம் உடையராயோ அதற்கு மருந்துண்போராயோ காணப்பட்டனர். உலகில் இந்நோயுடையாருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு அஃது உண்டென்பதையே அறியார் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கூறிற்று. அதே ஆண்டில் நம் மாகாணத்து அரசாங்கம் இந்நோய்க்குரிய மாத்திரைகளை வீடுதேடிக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. வீட்டு வாயிலுக்கு வந்த மருந்தை விழுங்காது வைப்போமாயின் குற்றம் எவருடையது?

நம் கல்லூரி செய்யத்தக்கன மூன்றைக் கூறி முடிப்பேன். முதலாவது, ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஒருநாள், முதல்வர் முதல் துப்புரவுப் பணியாளர் ஈறாக அனைவர்க்கும் அழுத்தம் அளத்தல் வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்த்தி, கையை இருதயத்தின் மட்டத்தில் தாங்கி, இருமுறை அளக்கும் முறையை விலங்கியல் மாணவரே கற்றுக்கொள்ளலாம். 140-க்கு 90 என்னும் அளவையோ அதன் மேலோ காணின், அன்றே நோயென்று அஞ்சாது, வேறு நாட்களிலும் அளந்து வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். இரண்டாவது, விடுதிச் சமையலறையில் உப்பு அளக்கப்படல் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து கிராமிற்குக் குறைவாக உண்க என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் இருவேளையும் இலையில் விழுமிடத்து அவ்வளவு எங்ஙனம் நிற்கும்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார் சினத்தற்க, யான் உப்பை ஒழிக்குமாறு கூறவில்லை, அளக்குமாறே கூறுகின்றேன். மூன்றாவது, மாத்திரையை நிறுத்த எண்ணுவார் யாவராயினும், அதனால் இருமல் முதலிய தொல்லை நேர்ந்ததாயினும், தாமே நிறுத்தாது வைத்தியரிடம் சென்று மாற்றிக்கொள்ளுமாறு நாம் ஒருவர்க்கொருவர் நினைவூட்டல் வேண்டும். மாற்று நொதியை அடக்கும் மருந்துகள் சிலர்க்கு வறட்டிருமலைத் தருவது தெரிந்த செய்தி. அதற்கு மாற்றும் உண்டு.

இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிறிது கருத்தே வேண்டும். பழைய மாணவர் சங்கத்தார் அளக்கும் கருவிகள் இரண்டை வழங்குவரேல் இவ்வாண்டே தொடங்கலாம். மாணவ நண்பர்களே! நீங்கள் வீடு செல்லும்பொழுது உங்கள் தந்தையாரையும் தாயாரையும், “மாத்திரை உண்டீர்களா?” என்று ஒருமுறை கேளுங்கள். “இப்பொழுது சரியாய்விட்டது, நிறுத்திவிட்டேன்” என்று அவர்கள் கூறினால், கையில் எவ்வேலை இருப்பினும் அதனைக் கீழே வைத்துவிட்டு, அருகில் அமர்ந்து, அவர்கள் கூறுவதைக் கேளுங்கள். யான் ஒருநாள் அதனைச் செய்யத் தவறினேன்.